நாச்செஸ் நகருக்கு ஒரு வார இறுதிப் பயணம்: புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 200 அடி உயரத்தில் நிற்கும் மேட்டின்மேல் அமைந்திருக்கும் நாச்செஸ், ஹூஸ்டனில் வசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வார இறுதிக்குள் போய்வரக்கூடிய ஊராகவே வரைபடத்தில் தெரிகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 15,000 பேர்கூட இல்லை. 1716இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ரோசலி கோட்டையிலிருந்து வளர்ந்த ஊர் என்பதால், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மிகப் பழைய குடியேற்றங்களுள் அதுவும் ஒன்று. கும்பகோணத்திலிருந்து எங்களுடன் தங்க வந்திருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அமெரிக்கா என்றால் விரைவுச் சாலையும் பெருங்கடைகளும் மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவும், நடந்தே சுற்றிப் பார்த்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து இளைப்பாறி வரலாம் என்பதற்காகவும் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் போயிருந்ததால் வண்டி ஓட்டுவது முதல் அறை பார்ப்பது வரை எல்லாம் என் ஒருத்தியின் பொறுப்பு. ஊரைப் பற்றி அழகழகான படங்கள் நிறையக் கிடைத்தன. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, அந்த ஊருக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது என்பது. 1931இல் மிசிசிப்பித் தோட்டக் கழகங்களின் மாநாடு நாச்செஸில் நடந்தபோது, பின்பனியில் பூக்கள் கருகிவிட்டதால், வந்தவர்களுக்குத் தோட்டங்களுக்குப் பதிலாகத் தங்கள் பழைய மாளிகைகளைத் திறந்து காட்டினார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, 1932 முதல் வசந்த காலத்தில் 'பில்கிரிமேஜ்' என்ற பெயரில் அதையே விழாவாக நடத்தி வருகிறார்கள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நடக்கும் அந்த வாரங்களில் ஊர் நிரம்பிவிடும். அறை வாடகை ஏறிவிடும். பல விடுதிகள் இரண்டு இரவுகளுக்குக் குறைவாக அறை தர மாட்டார்கள். அக்டோபரில் வெப்பக் காற்றுப் பலூன் விழா நடக்கும்போதும் நிலைமை இதுதான். நாங்கள் போனது மார்ச் மாதக் கடைசி வாரம். விழா நாட்களில்தான் சாதாரணமாகப் பூட்டியிருக்கும் சில வீடுகளையும் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் உங்கள் நோக்கம் ஓய்வு என்றால், விழாவுக்கு முன்னதாக, பிப்ரவரி பிற்பகுதியிலோ, பலூன் விழா முடிந்த பிறகு நவம்பரிலோ போவதே நல்லது. கோடையில் போக வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அந்தத் தெருக்களில் பெரியவர்களால் நடக்க முடியாது.

அறை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பணமும் மனமும் அதிகம் போனது அங்கேதான். உள்நாட்டுப் போருக்கு முன் கட்டப்பட்ட மாளிகைகள் பலவற்றை அங்கே தங்கும் விடுதிகளாக நடத்துகிறார்கள். அப்படி ஒன்றில், முன்பதிவுத் தளம் ஒன்றின் வழியாக, 'தோட்டத்தைப் பார்த்த அறை' என்று போட்டிருந்ததைப் பார்த்து, இரண்டு இரவுகளுக்கு வரியுடன் 640 டாலர் முன்கூட்டியே கட்டினேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனை இருந்தது. விழா வாரத்தில் வேறு எதுவும் காலியாக இல்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்த அறை மாளிகைக்குள் இல்லை, பின்கட்டில் தனியாக நிற்கும் இரண்டு மாடிச் செங்கல் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. வெளிப்புறமாக ஏறும் குறுகலான மரப்படிக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. மூட்டுவலி உள்ள அப்பா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். மேலே குளியலறையில் பழங்காலத்து இரும்புத் தொட்டி, தரையிலிருந்து உயர்ந்து நான்கு கால்களில் நின்றது. அதன் விளிம்பு அப்பாவின் முழங்காலுக்கு மேல் இருந்தது. காலைத் தூக்கி உள்ளே வைக்க அவரால் முடியவில்லை. பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி எதுவும் இல்லை. தொட்டிக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்து, ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு உடம்பைத் துடைத்துக்கொண்டார். ஓய்வுக்கு என்று அழைத்து வந்த இடத்தில் அவரை அப்படிப் பார்த்தபோது எனக்குத் தாங்க முடியாத வருத்தமாக இருந்தது.

அன்றிரவு விடுதியம்மாவிடம் அப்பா கேட்ட கேள்வி, இந்தக் கட்டடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்பது. அவர் தயங்காமல் சொன்னார்: கீழே மாளிகையின் சமையல்கட்டு, மேலே, நாங்கள் படுக்கவிருந்த அறைகளில், அந்த வீட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வரலாறு சொல்லிக்கொடுத்தவர். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நடுச்சாமத்தில் விழித்துப் பார்த்தபோது, கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். "இங்கே எனக்குப் படுக்க மனசு வரலம்மா, நாளைக்கு வேற இடம் பாரு" என்றார். அத்தகைய கட்டடங்களை இடிக்காமல் காத்து, அவற்றின் கதையை மறைக்காமல் சொல்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த அறையில் தங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை பணம் கட்டுவதற்கு முன் தங்குபவருக்கு இருக்க வேண்டும். பதிவுத் தளத்தின் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாள் காலை நெடுஞ்சாலை ஓரத்துச் சாதாரண ஓட்டல் ஒன்றில், யாரோ ரத்து செய்ததால் கிடைத்த தரைத்தள அறைக்கு மாறினோம். விழாக் கால விலை, ஓர் இரவுக்கு 189 டாலர். விட்டுவந்த இரவின் 320 டாலரைத் திருப்பித் தர விடுதியம்மா சம்மதித்தார். இடையில் இருந்த முன்பதிவுத் தளம் சம்மதிக்கவில்லை. அந்தப் பணம் வரவே இல்லை.

ஆகவே பழைய வீடுகளில் தங்க விரும்புகிறவர்கள் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு, நேராக விடுதிக்குத் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். அறை எந்தக் கட்டடத்தில், எந்தத் தளத்தில் இருக்கிறது, தெருவிலிருந்து கட்டில்வரை எத்தனை படிகள், குளிக்க நின்று குளிக்கும் ஷவர் இருக்கிறதா தொட்டி மட்டுமா, அந்த அறை முன்பு எதற்குப் பயன்பட்டது, எத்தனை மணிக்குள் வந்து சாவி வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சங்கடப்படத் தேவையில்லை. இத்தகைய கேள்விகளுக்கு அவர்கள் பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள். நேரடிப் பதிவில் நாள் மாற்றவும் பெரும்பாலும் இடம் கொடுக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் என் கருத்தில் மாளிகையில் தங்கும் ஆசையை விட்டுவிட்டு, மின்தூக்கி உள்ள ஓட்டலில் தங்கி, மாளிகைகளைப் பகலில் பார்ப்பதே சரி.

வழிப்பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹூஸ்டனிலிருந்து ஐ-10 சாலையில் பேட்டன் ரூஜ் வரை போய், அங்கிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் வழியில் செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற அழகான ஊரையும் பார்க்கலாம் என்று அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளிக்கிழமை நண்பகலில் புறப்பட்டோம். லஃபாயெட்டைத் தாண்டியதும் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின்மேல் 18 மைல் நீளத்துக்குப் பாலம் ஒன்று வருகிறது. நடுவில் இரண்டே இடங்களில்தான் வெளியேற வழி உண்டு. முன்னே எங்கோ விபத்து நடந்து போக்குவரத்து நின்றுவிட, இருபுறமும் தண்ணீரும் மரங்களுமாக, திரும்பவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் இரண்டரை மணி நேரம் நின்றோம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு; மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் தவறியது; அதைவிடக் கழிப்பறை இல்லாமல் அவர் பட்ட அவஸ்தை சொல்லி முடியாது. பிறகு பேட்டன் ரூஜில் ஆற்றுப் பாலத்தருகே வெள்ளி மாலைக்கே உரிய நெரிசல். செயின்ட் பிரான்சிஸ்வில்லை இருட்டில் கடந்தோம். அதற்கு அப்பால் சாலையோரக் காட்டிலிருந்து மான்கள் குறுக்கே வரக்கூடும் என்பதால் வேகமாகவும் ஓட்ட முடியவில்லை. நாச்செஸ் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணிக்கு மேல். சிறிய விடுதிகளில் இரவு வரவேற்பாளர் கிடையாது. வழியிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் விடுதியம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்.

திரும்பி வரும்போது வேறு வழியில் வந்தோம், அதுவே போவதற்கும் ஏற்ற வழி. லஃபாயெட்டிலேயே ஐ-49 சாலையில் வடக்கே திரும்பி அலெக்சாண்டிரியா போய், அங்கிருந்து கிழக்கே 28ஆம் எண் சாலையிலும் பின்னர் 84ஆம் எண் நெடுஞ்சாலையிலும் சென்றால், ஃபெரிடே, விடேலியா ஊர்களைக் கடந்து, மிசிசிப்பிப் பாலத்தின் வழியாக நேரே நாச்செஸ் மேட்டில் ஏறலாம். நீண்ட சதுப்புப் பாலமும் இல்லை, பேட்டன் ரூஜ் நெரிசலும் இல்லை. எந்த வழியில் போனாலும் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்கிடாதீர்கள். பெரியவர்கள் இருந்தால் நிறுத்தங்களோடு ஏழு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்பட முடியாதென்றால், திங்கட்கிழமையையும் விடுப்பாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் புறப்படுவது மேல். விமானத்தில் வருகிறவர்களுக்கும் கார் இல்லாமல் முடியாது; பயணிகள் விமானம் இறங்கும் நிலையங்கள் பேட்டன் ரூஜிலும் ஜாக்சனிலும் இருக்கின்றன, இரண்டுமே ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவு.

சாப்பாடு சைவர்களுக்குப் பெரிய கேள்வி. தென்மாநிலச் சமையலில் கீரை என்று வருவது பன்றியின் காலெலும்போடு வேக வைத்ததாக இருக்கும். சிவப்புக் காராமணி போலத் தெரியும் பீன்ஸில் இறைச்சித் துண்டுகள் கிடக்கும். அந்த ஊரில் பெயர்பெற்ற டமாலே, இறைச்சி வைத்துச் சோள மாவில் அவித்தது. பட்டியலில் இறைச்சி என்று போடாத பண்டத்திலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் கேட்டே வாங்க வேண்டியிருந்தது. நான் ஐஸ் பெட்டியில் எடுத்துப்போன தயிர்சாதமும், அம்மா செய்து கட்டிய புளியோதரையும் இல்லையென்றால் அன்றைய சாலை நெரிசலில் பட்டினிதான். காலை உணவில் தரும் கிரிட்ஸ் மட்டும் எங்களுக்குத் துணையாக இருந்தது. நம் ரவைக் கஞ்சியைப் போல இருக்கும் சோளக் கஞ்சி அது. வெண்ணெய் மட்டும் போட்டுத் தரச் சொல்லி, அம்மா கையோடு கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பல உணவகங்கள் காலை வழிபாடு முடிந்த பின் சில மணி நேரம் திறந்திருந்துவிட்டு மூடிவிடுகின்றன. சில திறப்பதே இல்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டைச் சனிக்கிழமையே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை நாங்கள் பார்த்த லாங்வுட் மாளிகையை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம். எட்டுப் பக்கங்கள் கொண்டு, உச்சியில் வெங்காய வடிவக் கூம்பு வைத்து, ஹாலர் நட் என்ற பருத்தித் தோட்டச் செல்வந்தர் 1860இல் கட்டத் தொடங்கிய வீடு அது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். முடிந்தது கீழ்த்தளம் மட்டும். நட் 1864இல் இறந்துபோனார். மேல்தளங்கள் இன்றுவரை வெறும் செங்கல்லும் மரச்சட்டமுமாகவே நிற்கின்றன. அந்தக் கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரைவரை பூச்சில்லாத மரங்கள் தெரிகின்றன. முடிந்த மாளிகைகளின் வெள்ளிப் பாத்திரங்களையும் திரைச்சீலைகளையும்விட இந்த முடியாத வீடுதான் அந்தச் செல்வம் எதன்மேல் நின்றது என்பதை எனக்குச் சொன்னது. ஒரு வீட்டைப் பார்க்க வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் ஆகிறது, பெரும்பாலும் நின்றுகொண்டே. ஒரு நாளில் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகலுக்கென்று நான் முன்கூட்டியே வாங்கியிருந்த சீட்டுகள் மூவருக்குமாக 150 டாலர்; அவற்றைப் பயன்படுத்த முடியாமல் போனது.

காரணம் வானிலை. மார்ச் முதல் மே வரை அந்தப் பகுதியில் டொர்னேடோ எனப்படும் சுழற்காற்றுக்கான காலம். பிற்பகலில் இடியோடு தொடங்கிய மழை நிற்கவில்லை; இருட்டிய பிறகு ஊரின் அபாயச் சங்கு ஒலித்தது, எல்லோருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. ஓட்டல் பணியாளர்கள் எங்களைத் தரைத்தள நடைக்கூடத்தில், சன்னல்களை விட்டு விலகி, சுவரோரமாக உட்கார வைத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரத்தில் எச்சரிக்கை நீங்கியது. எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் முந்தைய இரவில் அந்தச் சங்கு ஒலித்திருந்தால், இருட்டில், மழையில், அந்த மரப்படிகளில் அப்பாவை எப்படி இறக்கியிருப்பேன் என்பதை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. 1840 மே 7ஆம் தேதி இதே ஊரை அடித்த சுழற்காற்றில் 317 பேர் இறந்தார்கள்; அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய சுழற்காற்றுகளில் அது ஒன்று. எனவே வசந்த காலத்தில் அங்கே போகிறவர்கள், அறைக்குள் நுழைந்த உடனே, எச்சரிக்கை வந்தால் எங்கே போய் ஒதுங்க வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தை நேரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அபாய அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். அந்த மாநிலத்தில் சுழற்காற்று இரவில் வருவதும் உண்டு.

ஞாயிறு காலை மழை வெறித்திருந்தது. அப்பா கேட்டுக்கொண்டதால் ஊரின் நடுப்பகுதியிலிருந்து கிழக்கே ஒரு மைல் தொலைவில் இருக்கும் 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்' என்ற முச்சந்திக்குப் போனோம். ஆழ்தென்மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இருந்த இடம் அது. 1833இல் காலராவில் இறந்த அடிமைகளை வியாபாரி ஒருவர் கமுக்கமாகப் புதைத்தது தெரியவந்து ஊரார் கொதித்தெழ, நகர எல்லைக்குள் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. எல்லைக்கு வெளியே இந்தச் சந்திக்கு அது நகர்ந்து, 1863இல் வடபகுதிப் படை ஊருக்குள் வரும்வரை நடந்தது. வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் அடிமைகளில் பலரைச் சங்கிலியில் பிணைத்து நடத்தியே கூட்டி வந்தார்கள். இன்று அங்கே கட்டடம் எதுவும் இல்லை. புல்வெளியும், விளக்கப் பலகைகளும், தரையில் சிமெண்டுக்குள் பாதி புதைந்தபடி பதித்து வைத்த விலங்குச் சங்கிலிகளும்தான். அப்பா குனிந்து ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பலகையையும் வரி விடாமல் படித்தார். பிறகு தேசியப் பூங்காத் துறை காக்கும் வில்லியம் ஜான்சன் வீட்டைப் பார்த்தோம். அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுதலை பெற்று, முடிதிருத்தும் தொழில் செய்து முன்னேறிய அவர் 1835 முதல் 1851இல் கொல்லப்படும் வரை நாட்குறிப்பு எழுதினார். 1840 சுழற்காற்றில் இடிந்த கட்டடங்களின் செங்கற்களைக் கொண்டு கட்டிய வீடு அது. அவரே பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் அங்கே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு இடங்களுக்கும் கட்டணம் இல்லை. என் உறுதியான கருத்து, மாளிகைகளுக்கு முன்பாக இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது. அப்படிப் பார்த்துவிட்டுப் போனால் மாளிகையின் பின்கட்டைக் காட்டச் சொல்லவும், யார் சமைத்தார்கள், யார் செங்கல் சுட்டார்கள் என்று கேட்கவும் தோன்றும். கேட்டால் நல்ல வழிகாட்டிகள் சொல்கிறார்கள். நாங்கள் தலைகீழாகப் பார்த்ததால் சனிக்கிழமை அப்பா எந்த வீட்டுக்குள்ளும் நிம்மதியாக நிற்கவில்லை.

உண்மையாக ஓய்வு கிடைத்தது அன்று பிற்பகலில், நாச்செஸ் டிரேஸ் பார்க்வே சாலையில். 444 மைல் தூரம் நாஷ்வில் பக்கம்வரை போகும் அந்தச் சாலையில் லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகைகள் இல்லை. பெரும்பகுதியில் வேக வரம்பு 50 மைல். பத்தாவது மைல் கல்லருகே எமரால்டு மேடு இருக்கிறது. நாச்செஸ் பழங்குடியினரின் முன்னோர் எட்டு ஏக்கர் பரப்பில் மண்ணைக் கொட்டி எழுப்பிய வழிபாட்டு மேடு. அம்மாவும் நானும் மேலே ஏறினோம். அப்பா கீழே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் கட்டாயம் வைத்திருங்கள். அந்தச் சாலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது, பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடைக்காது. ஊரிலேயே எண்ணெய் நிரப்பி, வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

அன்றே திரும்ப வேண்டியிருந்ததால் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. ஹூஸ்டன் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை போகலாம் என்று அப்பாவே கேட்டிருக்கிறார். நவம்பரில், திங்கட்கிழமையையும் சேர்த்து, மின்தூக்கி உள்ள ஓட்டலில் தொலைபேசி வழியாகவே அறை சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.